பழைய கர்னலின் கடைசி பேட்ச்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்து நான்குதான். நரை என்று தேடினால் காதோரம் நாலு முடி கிடைக்கும். அந்தப் பெயர் வயதால் வந்ததல்ல, அவள் பார்த்துக்கொண்டிருந்த பழைய கர்னலால் வந்தது.

அவளுடைய நிறுவனம் ஓர் இயங்குதளத்தைத் தயாரித்து விநியோகித்தது. அதன் அடிமடியில் இருப்பது கர்னல். எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம், யார் எப்போது வன்தட்டைத் தொடலாம், நெட்வொர்க்கில் யார் முந்தி யார் பிந்தி என்று சதா பஞ்சாயத்து செய்துகொண்டிருக்கும் பகுதி. புதுப்புதுக் கர்னல்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் மருத்துவமனை, ரயில்வே, மின்நிலையம் மாதிரி இடங்களில் சட்டை மாற்றுவதுபோல் கர்னலை மாற்ற முடியாது. ஓடுகிறதை ஓட விடுங்கள், ஓட்டை விழுந்தால் மட்டும் அடைத்துக் கொடுங்கள் என்பார்கள். அவர்களுக்காக எப்போதாவது ஒரு கர்னலைத் தேர்ந்தெடுத்து, 'இதைப் பத்து வருடம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று நிறுவனம் வாக்குக் கொடுக்கும்.

அப்படி வாக்குக் கொடுத்த நாளில் குழுவில் ஆறு பேர் இருந்தார்கள். பத்தாவது வருடத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

யாரும் ஒரே நாளில் போய்விடவில்லை. ஒருவர் வெளிநாடு போனார். ஒருத்தி பிரசவத்துக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டு பேரைப் புதிய கர்னலுக்கு என்று மேல்மாடிக்கு அழைத்துக்கொண்டார்கள். இன்னொருவர் வேலையையே விட்டார். அந்தக் கர்னலை எழுதிய வெளியுலகமும் ஆறாவது வருடத்திலேயே அதைக் கைகழுவிவிட்டது. புதிய கர்னலில் ஒரு பழுதைச் சரி செய்தால், அதே பழுது பழையதிலும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கேற்ப மாற்றி எழுதி ஒட்டுவதுதான் இப்போது அவள் வேலை. அந்த ஒட்டைப் பேட்ச் என்பார்கள். பத்து வருடம் முன்பு தைத்த துணியில் நேற்று நெய்த துணியை வைத்து ஒட்டுப்போடுவது மாதிரி. நூலும் சேராது, நிறமும் சேராது.

மூன்றாவது மாடி மூலையில் அவள் அறை. ஆறு மேஜைகள். ஐந்தின்மேல் பிரிண்டர் அட்டைப்பெட்டிகள். கூட்டத்துக்கு நாற்காலி குறைந்தால் யாராவது வருவார்கள். ஆரம்பத்தில் "எடுத்துக்கட்டுமா பெரியம்மா?" என்று கேட்டார்கள். பிறகு கேட்காமலேயே எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த இரண்டு நிமிடமாவது வாசலில் ஆள் நடமாட்டம் இருக்குமே என்று அவளும் கதவைத் திறந்தே வைத்திருப்பாள்.

வீட்டிலும் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் கூப்பிடுவாள். "இன்னும் அந்தப் பழசையேதான் கட்டி அழறியா?" என்பாள். "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்பாள் இவள். மூன்று வருடமாக அதே கேள்வி, அதே பதில்.

பத்து வருடம் முடிய ஆறு வாரம் இருக்கும்போது ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது.

நெட்வொர்க் பகுதியில், காலி செய்துவிட்ட நினைவகத்தைக் கர்னல் மறுபடியும் தொடுகிறது. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகும் பழைய குடித்தனக்காரர் மாற்றுச்சாவி போட்டு உள்ளே வருவது மாதிரி. தெரிந்தவன் கையில் அந்தச் சாவி சிக்கினால் கணினி மொத்தமும் அவன் கையில். புதிய கர்னலில் பன்னிரண்டே வரியில் சரி செய்துவிட்டார்கள். பழையதில் அந்தப் பகுதியின் அமைப்பே வேறு. பதினோரு நாள் தலையை உடைத்துக்கொண்டு நூற்று நாற்பது வரியில் ஒரு பேட்ச் எழுதி முடித்தாள்.

எந்தப் பேட்சும் வெளியே போக இரண்டு பெயர் வேண்டும். எழுதியவர் பெயர், படித்துப் பார்த்தவர் பெயர். அதுதான் விதி. மேலாளரிடம் போனாள். அவளைவிட ஒன்பது வயது சின்னவர், நல்ல மனிதர்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? அனுப்புங்க, நான் பேர் போட்டுடறேன்" என்றார்.

"படிச்சுட்டுப் போடுங்க."

"படிச்சா மட்டும் எனக்கு என்ன புரியப்போகுது பெரியம்மா? அந்தக் கர்னலை எழுதினப்ப நான் காலேஜ் கேன்டீன்ல அரட்டை அடிச்சிட்டிருந்தேன். நீங்க செஞ்சா தப்பா இருக்குமா?"

"இருக்கலாம்."

"இன்னும் நாலு வாரந்தானே. மேல போட்டு அலட்டிக்காதீங்க."

மேல்மாடிக்குப் போன பழைய இருவரிடமும் கேட்டாள். ஒருவர் அதெல்லாம் மறந்தே போச்சு என்று கையை விரித்தார். மற்றவள், "இதோ இப்பவே" என்று சொல்லிக்கொண்டே, படிக்காமல் பெயர் போட மவுஸை எடுத்தாள். "இல்ல, இன்னும் கொஞ்சம் திருத்தணும்" என்று பொய் சொல்லிவிட்டு இவள் கீழே வந்துவிட்டாள்.

எல்லோரும் அவளை நம்பினார்கள். ஒருவரும் அவள் எழுதியதைப் படிக்கவில்லை. கடைசியாக யாராவது படித்து எத்தனை நாளாயிற்று என்று பதிவேட்டைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். மூன்று வருடமாகப் பெயர்கள் இருந்தன, ஒரு கேள்விகூட இல்லை. ஐந்து வருடம் பின்னால் போனபோது ஒரு பெயர் வந்தது. அங்கே நிறுத்திக்கொண்டாள்.

குழுவில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். பேட்சோடு எழுதும் விளக்கத்தில் ஒரு வாக்கியத்தின் முடிவில் புள்ளி விட்டுப்போயிருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார். நாளடைவில் அது சுருங்கிப் புள்ளி ஆனது. இந்தக் கர்னலுக்கு முன்பிருந்தே, ஏழு வருடம் அவர் மேஜையும் இவள் மேஜையும் எதிரெதிர். வாய்த்தகராறு இல்லாத நாள் கிடையாது. "உனக்கு வரி எழுதவே தெரியல, சுவர் எழுப்பற" என்பார். "நீங்க படிக்கறதே இல்ல, பேன் பார்க்கறீங்க" என்பாள் இவள்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, வன்தட்டு சம்பந்தமாக அவர் எழுதிய அறுநூறு வரி பேட்ச் ஒன்று இவளிடம் வந்தது. படித்துப் பெயர் போட வேண்டும். மதியம் இரண்டு மணி ஆகப்போகிறது, கேன்டீன் மூடிவிடுவார்கள், பசி. அவர் எழுதியதில் என்ன தப்பு இருக்கப்போகிறது என்று பெயரைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திங்கட்கிழமை ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணினிகள் எல்லாம் அரை நாள் உறைந்து நின்றன. லாரிகள் வரிசை கட்டி நின்றன. கூட்டம் போட்டார்கள். அப்போதிருந்த மேலாளர், "இதைப் படிச்சுப் பார்த்தது யாரு? நீங்கதானே? படிச்சீங்கதானே?" என்று கேட்டார்.

"படிச்சேன்" என்றாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த புள்ளி அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "எழுதினது நான். தப்பு என்னுடையது" என்றார். மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போனார். போகும்போது எல்லோரிடமும் கை குலுக்கினார். இவளிடமும்தான்.

இப்போது அவருக்கு மூன்று வரி மடல் எழுத அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஓட்டை விஷயம் ஏற்கெனவே வெளியே தெரிந்துவிட்டதால் பேட்சை யாருக்கும் காட்டலாம்; படித்துப் பார்ப்பவர் நிறுவனத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியும் இல்லை. 'நேரமிருந்தால் படித்துப் பார்க்க முடியுமா? முடியாது என்றாலும் பரவாயில்லை' என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. குறிப்புகள் மட்டும், மொத்தம் இருபத்து மூன்று. நலமா என்ற ஒரு வார்த்தை கிடையாது. முதல் குறிப்பு: 'விளக்கத்தின் மூன்றாவது வாக்கியத்தில் புள்ளி இல்லை.'

ஆளில்லாத அறையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நாற்காலி எடுக்க வந்த ஒருத்தி பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

பத்தொன்பதாவது குறிப்புக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. 'இது பேசித் தீர்க்க வேண்டியது. காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை நீரேற்று நிலையத்தில் வேலையில் இருப்பேன்' என்று ஒரு தொலைபேசி எண். கதவைச் சாத்திவிட்டு அழைத்தாள்.

"சொல்லுங்க" என்றார். பின்னால் பம்புகள் ஓடும் சத்தம், விடாத ஒரு உறுமல்.

முன்பெல்லாம் வா போ என்றுதான் பேசுவார். அந்த 'ங்க' அவளுக்குச் சுருக்கென்றது.

"பத்தொன்பது" என்றாள்.

"எண்பத்தி ஆறாவது வரியைப் பாருங்க. நினைவகம் கிடைக்கலேன்னா பிழைன்னு திரும்பி வந்துடறீங்க. சரி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பூட்டு போட்டிருக்கீங்களே, அதைத் திறந்தது யாரு?"

அவள் பார்த்தாள். யாரும் திறக்கவில்லை. ஒரு பொதுவான பகுதியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடாமலிருக்கப் போடும் பூட்டு அது. பூட்டியவர் திறக்காமல் போய்விட்டால், அடுத்து வருபவர் வாசலிலேயே நின்றுவிடுவார். அவருக்குப் பின்னால் வருபவரும். ஒவ்வொன்றாகக் கணினி மொத்தமும் நின்றுபோகும். எப்போதோ ஒருமுறை, நினைவகம் தீர்ந்துபோகும் நேரத்தில் மட்டும் நடக்கும். சோதனையில் சிக்காது. படித்தால்தான் தெரியும்.

"உறைஞ்சு போயிருக்கும்" என்றாள்.

"ஆமா. இங்க எட்டு மெஷின்ல உங்க கர்னல்தான் ஓடுது. பம்பு நின்னிருக்கும்."

திருத்தி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். அவள் வைக்கவில்லை.

"அந்த வன்தட்டு பேட்ச்... அன்னைக்கு நான் அதைப் படிக்கவே இல்ல."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"நான் அனுப்பி நாலாவது நிமிஷம் உங்க பேர் வந்துடுச்சு. அறுநூறு வரி."

"அப்ப ஏன் கூட்டத்துல சொல்லல?"

"அதை நான் சொல்லக்கூடாது. நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்துட்டிருந்தேன்." பிறகு கேட்டார். "ஏன் படிக்கல?"

"பசிச்சுது."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, இருமலா, பம்பு சத்தத்தில் பிடிபடவில்லை. "பூட்டைச் சரி பண்ணி மறுபடி அனுப்புங்க. முழுசா படிச்சுட்டுத்தான் பேர் போடுவேன்" என்றார்.

அனுப்பினாள். அவர் இன்னும் நான்கு குறிப்பு எழுதினார். மறுபடி அனுப்பினாள். மூன்றாவது தடவை அவர் பெயர் வந்தது. பேட்ச் அன்று மாலையே வெளியே போனது.

அதோடு நிற்கவில்லை அவள். நிறுவனம் முழுவதற்கும் போகும் மடல்பட்டியலில், ஐந்து வருடத்துக்கு முன் நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதினாள். 'படித்தேன் என்று கூட்டத்தில் சொன்னது பொய். தவறு அவருடையது மட்டுமல்ல. பதிவைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.' அனுப்பு என்பதை அழுத்திவிட்டு, கூண்டில் ஏறி நிற்பவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அந்த மேலாளர் எப்போதோ வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். லாரிகள் நின்ற கதை தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்திலேயே மூன்று பேர் இருந்தால் அதிகம். மாலைக்குள் ஒரே ஒரு பதில் வந்தது. யாரென்று தெரியாத ஒரு பையன், கட்டைவிரலை உயர்த்திய ஒரு பொம்மை. இப்போதைய மேலாளர் எட்டிப் பார்த்து, "எதுக்கு பெரியம்மா இதெல்லாம் கிளறிக்கிட்டு? பழைய சங்கதி" என்றார், அன்பாகத்தான். வசவு கிடைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஐந்து வருடமாக நெஞ்சில் கட்டிக் காத்த கல்லைக் கீழே வைத்தால், அது விழுந்த சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை.

மடலின் நகலைப் புள்ளிக்கும் அனுப்பியிருந்தாள். ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாவது நாள் வந்தது, வேறு விஷயமாக.

'எங்கள் எட்டு கணினியிலும் பம்புகளோடு பேசும் ஒரு கார்டு இருக்கிறது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழைய கர்னலில் மட்டும்தான் ஓடும். கார்டு செய்த நிறுவனம் இப்போது இல்லை. உங்கள் ஆதரவு முடிந்த பிறகு நான் என்ன செய்வது?'

வேறு வாடிக்கையாளர் யாராவது கேட்டிருந்தால் அனுப்புவதற்கென்று ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது: புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். அவள், 'சனிக்கிழமை வரட்டுமா?' என்று எழுதினாள். 'வாங்க' என்று பதில் வந்தது.

ஆதரவு முடியும் நாள் இடையில் ஒரு புதன்கிழமை வந்தது. மாலை நான்கு மணிக்கு அறிவிப்பை அனுப்பினாள். 'இந்தக் கர்னலுக்கு இனி எந்தத் திருத்தமும் வராது. பத்து வருடம் உடனிருந்தவர்களுக்கு நன்றி.' பயனர்களிடமிருந்து சில மடல்கள் வந்தன. முக்கால்வாசி, இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க முடியுமா என்றுதான். மேலாளர் ஒரு கேக் வாங்கி வந்தார். எல்லோரும் வந்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து வேறு எதையோ பேசிச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

நீரேற்று நிலையம் ஊருக்கு வெளியே, பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். புள்ளி வாசலில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். கண்ணாடி தடித்திருந்தது. "வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். கட்டுப்பாட்டு அறையில் சுவர் நீளத்துக்குப் பச்சை விளக்குகள், ஒரு மேஜை, ஒரே ஒரு நாற்காலி. அவளுக்காகப் பக்கத்து அறையிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்து வந்தார். எட்டு மணி நேர ஷிஃப்டில் இங்கே வேறு ஆளே கிடையாது என்பது அந்த ஒற்றை நாற்காலியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது.

முதல் சனிக்கிழமை டிரைவரைப் புதிய கர்னலுக்கு மாற்றி எழுதவே சரியாக இருந்தது. அவள் எழுதினாள், அவர் படித்தார். வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. நடுவில் இரண்டு தடவை தேநீர் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை. சரியாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை எட்டுக் கணினிகளில் ஒன்றில் புதிய கர்னலை ஏற்றி, டிரைவரை ஓட்டிப் பார்த்தார்கள். கார்டு அசையவில்லை. மறுபடி பார்த்தார்கள். அசையவில்லை. அவர் திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

"என்ன எழுதி வச்சிருக்க நீ இங்க? பைட் வரிசை தலைகீழா இருக்கு பாரு! கார்டு பெரிய பைட்டை முன்னாடி கேக்குது, நீ சின்னதைக் கொடுக்கற. ஏழு வருஷம் சொல்லியும் திருந்தல!"

"காட்டுங்க... அட, ஆமா."

"ஆமாவாம். சுவர் எழுப்பறதுலயே புத்தி!"

அவள் திருத்தினாள். முகத்தில் வந்த சிரிப்பை அவர் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்தபடியே தட்டச்சு செய்தாள். இந்த முறை ஓடியது. திரையில் பம்பின் அழுத்தம் எண்ணாக வந்து விழுந்தது. இருவரும் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மடலை நான் படிச்சேன்" என்றார், திரையைப் பார்த்தபடியே.

"ம்."

"அஞ்சு வருஷம் முன்னாடி வந்திருந்தா இந்த அறையில நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். கோபம் எல்லாம் இல்ல. இங்க எனக்குக் கஷ்டமும் இல்ல. ஆனா, அதான் உண்மை."

அவள் மன்னிப்பு கேட்க வாயெடுத்து, இனி அது எதற்கு உதவும் என்று தோன்றி விட்டுவிட்டாள்.

இரண்டு மணிக்கு அவர் ஷிஃப்ட் முடிந்தது. அவளோடு வாசல்வரை வந்தார்.

"மீதி ஏழு மெஷின் இருக்கே. அடுத்த சனிக்கிழமையும் நான் வரேன்" என்றாள்.

"வேணாங்க. ஒண்ணு ஓடிடுச்சுன்னா மீதியை நான் பார்த்துப்பேன். இவ்வளவு தூரம் அலைய வேணாம்." கொஞ்சம் தயங்கினார். "உங்க டிரைவர் நல்லா இருக்கு. ரெண்டு இடத்துல புள்ளி விட்டுப்போச்சு, நானே போட்டுட்டேன்."

கை குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்ற பிறகு பேருந்து வந்தது. கடைசி இருக்கையின் ஜன்னலோரம் கிடைத்தது. திங்கட்கிழமையிலிருந்து மேல்மாடி. அங்கே அடுத்த நீண்டகாலக் கர்னலுக்கு ஆள் சேர்க்கிறார்கள். இந்த முறை பன்னிரண்டு வருடம் என்று வாக்குக் கொடுக்கப்போகிறார்களாம். கூட்டிப் பார்த்தாள். அது முடியும்போது அவளுக்கு ஐம்பத்தாறு.

போன் அடித்தது. ஞாயிறுவரை பொறுக்க முடியாத அக்கா.

"போன வாரமும் வீட்டுல இல்ல, இந்த வாரமும் இல்ல. சனிக்கிழமையானா எங்கடி போற?"

"கூட வேலை செஞ்ச ஒருத்தருக்கு ஒரு உதவி."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப அடுத்த சனிக்கிழமை இங்க வா. தனியா அங்க என்ன பண்ணப்போற?"

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முன் இருக்கையில் ஒரு குழந்தை தூக்கத்திலேயே அழுதுவிட்டு மறுபடி தூங்கியது.

"வரேன்க்கா" என்றாள்.

"இப்படிச் சொல்லிட்டுக் கடைசி நேரத்துல வேலைன்னு சொல்லக்கூடாது."

"இல்ல. அடுத்த வாரம் வேலை ஒண்ணும் இல்ல."

அக்கா எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே போனாள். இவள் ஜன்னலுக்கு வெளியே வறண்டு கிடந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.